கசிந்த ரேடியேட்டரைச் சரிசெய்த பிறகு: வெறும் தண்ணீரா, மருந்து கலந்த தண்ணீரா, முழுக் கழுவலா?

பிரிட்டனில் வீடு வைத்திருக்கும் தமிழர்கள் குளிர்காலத் தொடக்கத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. ரேடியேட்டர் கசிந்தது, நட்டை இறுக்கியோ புது வால்வு போட்டோ நிறுத்தியாகிவிட்டது. ஆனால் பாய்லரின் அழுத்த முள் 0.4 பாரில் கிடக்கிறது, ஹீட்டிங் ஓட மறுக்கிறது. ஐடியல் லாஜிக் பாய்லரில் எஃப்1, வேலியன்ட் பாய்லரில் எஃப்22 என்று திரை காட்டுகிறது. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: உள்ளே தண்ணீர் போதவில்லை.

தண்ணீரைத் திறந்துவிட்டால் முள் ஏறிவிடும், வீடும் சூடாகிவிடும். பெரும்பாலானோர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் புதிதாக உள்ளே போகும் ஒவ்வொரு லிட்டரிலும் கரைந்த ஆக்சிஜன் இருக்கிறது. ரேடியேட்டரோ இரும்புத் தகடு. உள்ளே ஏற்கனவே இருந்த இன்ஹிபிட்டர் என்கிற துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போகிறது. அதனால் முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, எவ்வளவு போயிற்று, எது உள்ளே வந்தது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

## தேர்வுக்கு முன் நான்கு விவரங்கள்

எவ்வளவு தண்ணீர் போயிற்று? ஒரு மீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பலகை ரேடியேட்டர் ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கும், இரட்டைப் பலகை 6 லிட்டர். பத்து ரேடியேட்டர் உள்ள வீட்டில் குழாய்களையும் சேர்த்து மொத்தம் 80 முதல் 100 லிட்டர் இருக்கும். ஒரே ஒரு ரேடியேட்டரின் இரு வால்வுகளையும் மூடிவிட்டு வேலை செய்திருந்தால் போனது 6 லிட்டர்தான். மருந்தில் 94 சதவீதம் மிச்சமிருக்கும். வால்வையே மாற்ற வேண்டியிருந்து கீழ்த்தளம் முழுவதையும் வடித்திருந்தால் கணக்கே வேறு.

எங்கே கசிந்தது? இதைத்தான் மிக முக்கியமாகப் பார்க்க வேண்டும். வால்வின் திருகுத்தண்டில் சொட்டியிருந்தால் பேக்கிங் தேய்ந்திருக்கிறது. வால்வும் ரேடியேட்டரும் சேரும் பெரிய நட்டில் சொட்டியிருந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. இரண்டும் வெறும் பொருத்துக் கோளாறுகள், உள்ளே இருக்கும் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ரேடியேட்டரின் உடம்பிலேயே, குறிப்பாகக் கீழ் விளிம்பில், ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருந்தால் அது உள்ளிருந்து அரித்து வெளியே வந்த ஓட்டை. மற்ற ரேடியேட்டர்களும் அதே தண்ணீரில்தான் இத்தனை நாளும் இருந்திருக்கின்றன.

உள்ளே உள்ள தண்ணீர் எப்படி இருக்கிறது? ரேடியேட்டரைக் கழற்றும்போது வந்ததில் ஒரு கண்ணாடி ஜாடி நிறையப் பிடித்து வையுங்கள். பக்கத்தில் இன்னொரு ஜாடியில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் துத்தநாகம் பூசாத சாதாரண இரும்பு ஆணி ஒன்றைப் போட்டு மூன்று நாள் விடுங்கள். குழாய்த் தண்ணீர் ஜாடியில் ஆணியைச் சுற்றிச் செம்பழுப்பாகப் படியும். ரேடியேட்டர் தண்ணீரில் உள்ள ஆணி பளிச்சென்று இருந்தால் மருந்து இன்னும் வேலை செய்கிறது. அதுவும் துருப்பிடித்தால் காப்பு இல்லை. ஜாடியின் அடியில் மையைப் போலக் கறுப்பாக ஏதாவது தங்கினால், ஒரு காந்தத்தை வெளியே வைத்து நகர்த்திப் பாருங்கள். அந்தக் கறுப்பு காந்தத்தோடு ஊர்ந்து வந்தால் அது மேக்னடைட், உங்கள் ரேடியேட்டரின் இரும்புதான் கரைந்து சேறாகியிருக்கிறது.

மூடிய அமைப்பா, மச்சில் தொட்டி உள்ளதா? பாய்லரில் அழுத்தமானியும் தண்ணீர் ஏற்றும் ஃபில்லிங் லூப் குழாயும் இருந்தால் மூடிய அமைப்பு. சுடுநீர்த் தொட்டி இல்லாமலே குழாய்க்குச் சுடுநீரும் தரும் காம்பி பாய்லர் எல்லாம் இந்த வகை. மச்சில் சின்னத் தொட்டி ஒன்று மிதவை வால்வோடு உட்கார்ந்திருந்தால் திறந்த அமைப்பு. அதற்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறது.

வாடகை வீடு என்றால் இந்தத் தேர்வு உங்களுடையதே அல்ல. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி, அறைகளைச் சூடாக்கும் சாதனங்களைப் பழுதுபார்த்து வைப்பது பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பு. அழுத்தம் குறைவதை எழுத்தில் தெரிவியுங்கள், படமும் எடுத்து அனுப்புங்கள். நீங்களே மாதக்கணக்கில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

## வழி 1: வெறும் தண்ணீர் ஏற்றுவது

செலவு இல்லை, கால் மணி நேரம் போதும். பாய்லர் ஆறியிருக்க வேண்டும், மின்சாரம் அணைந்திருக்க வேண்டும். ஃபில்லிங் லூப் என்பது பாய்லருக்கு அடியில் பின்னல் உறை போட்ட சின்னக் குழாய், இரு முனையிலும் ஒவ்வொரு வால்வு. முதலில் ஒன்றை முழுதாகத் திறந்துவிட்டு, மற்றதை மெதுவாகத் திறந்தால் உள்ளே தண்ணீர் பாயும் இரைச்சல் கேட்கும். சில பாய்லர்களில் இது உள்ளேயே கட்டப்பட்டு ஒரு நெம்புகோலாக வந்துவிடுகிறது. முள் 1.2 வந்ததும் இரண்டையும் மூடுங்கள். கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளம் வரை ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்றை எடுங்கள். முள் இறங்கும், மறுபடி ஏற்றுங்கள்.

காற்று எடுக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். ரேடியேட்டரின் மேல் மூலையில் உள்ள காற்றுத் திருகைச் சாவியால் அரைச்சுற்று திருப்பியதும் உஸ் என்ற சீறல், பிறகு துப்பித் துப்பித் தண்ணீர், கடைசியில் நூல் போலச் சீரான ஒழுக்கு. அந்த ஒழுக்கு வந்ததும் மூடிவிட வேண்டும். துணியைத் திருகுக்கு அடியில் பிடியுங்கள். கறுப்புத் தண்ணீர் கம்பளத்தில் பட்டால் கறை போகாது. சரிசெய்த இணைப்பைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தாளில் தெரிந்துவிடும். ஹீட்டிங் ஒரு முறை முழுச் சூட்டுக்குப் போய் ஆறிய பிறகும் தாள் உலர்ந்திருந்தால்தான் பழுது முடிந்தது.

நிரப்பி முடித்ததும் தற்காலிக லூப் குழாயைக் கழற்றி, முனைகளுக்கு மூடி போட்டுவிட வேண்டும். 1999ஆம் ஆண்டின் தண்ணீர்ப் பொருத்துகள் விதிமுறைகள் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: ஹீட்டிங் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பக் கூடாது. வீட்டுக்கு லாபமும் உண்டு. லூப் வால்வு சரியாக மூடாமல் கசிந்தால், இரவெல்லாம் முள் தானாக ஏறி 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும்.

இந்த வழியின் மறைந்த செலவு ஒரே தடவையில் வருவதில்லை. அடிக்கடி ஏற்றுவதில் வருகிறது. காம்பி பாய்லர் பலவற்றில், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்க 8 லிட்டர் விரிவுக் கலன் இருக்கும், அதில் 0.75 பார் காற்று. முள்ளை 0.75-இலிருந்து 1.5-க்கு ஏற்றினால் கலனுக்குள் ஏறக்குறைய 2.4 லிட்டர் போகிறது. வாரம் ஒரு முறை இப்படி ஏற்றினால் ஆண்டுக்கு 125 லிட்டர். அதாவது வீட்டின் மொத்த ஹீட்டிங் தண்ணீரைவிட அதிகமான, மருந்தில்லாத புதுத் தண்ணீர் ஓராண்டுக்குள் உள்ளே போய்விடும். லண்டனைப் போலக் கடினநீர் ஊரில் அதோடு சுண்ணாம்பும் வெப்பமாற்றியில் படியும்.

எப்போது இது போதும்: ஒரு ரேடியேட்டர் தண்ணீர் அளவுதான் போயிருந்து, கசிவு வால்விலோ நட்டிலோ இருந்து, ஆணிச் சோதனையும் தேறியிருந்தால். நடுக்குளிரில் இரவு பத்து மணிக்கு வீட்டில் குழந்தையோ முதியவரோ இருந்தாலும் இதையே செய்யுங்கள். மருந்து நாளைக்குப் போகட்டும், வீடு இன்றைக்குச் சூடாக வேண்டும்.

## வழி 2: தண்ணீரோடு இன்ஹிபிட்டரும்

பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான வழி. செலவு 15 முதல் 25 பவுண்டு. சென்டினல் எக்ஸ்100 ஒரு லிட்டர் 100 லிட்டர் அமைப்புக்குப் போதும், ஃபெர்னாக்ஸ் எஃப்1 500 மில்லி 130 லிட்டருக்கு. அளவு சற்றுக் கூடினால் கெடுதல் இல்லை, குறைந்தால் காப்பு இல்லை. ஏற்கனவே எந்தப் பிராண்டு உள்ளே இருக்கிறது என்று பாய்லரிலோ காந்த வடிகட்டியிலோ (இரும்புச் சேற்றைப் பிடிக்கக் குழாயில் பொருத்தும் கருவி) ஒட்டிய சீட்டைப் பாருங்கள், அதையே தொடருங்கள்.

பலர் தவறவிடும் வாய்ப்பு ஒன்று இருக்கிறது. மருந்தை உள்ளே செலுத்துவதுதான் இந்த வழியின் ஒரே சிரமம். ஆனால் பழுதுபார்த்த ரேடியேட்டர் இப்போது காலியாக இருக்கிறது! வால்வுகளைத் திறப்பதற்கு முன், காற்றுத் திருகு பொருந்தியிருக்கும் மேல் மூலை அடைப்பானைக் கழற்றுங்கள். ஒரு புனலில் கையளவு தெளிந்த குழாயைச் சொருகி மருந்தை ஊற்றுங்கள். அடைப்பானைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் இல்லாத பழைய வகையானால் கசியாமலிருக்க மரையில் சுற்றும் பி.டி.எஃப்.இ. டேப் பத்துப் பன்னிரண்டு சுற்று, மரையின் திசையிலேயே. பிறகு ஒரு வால்வை மட்டும் மெதுவாகத் திறந்து, காற்றுத் திருகு வழியே காற்றை வெளியேற்றி நிரப்புங்கள். நிரம்பியதும் மற்றதையும் திறவுங்கள். லாக்‌ஷீல்டு வால்வை (ரேடியேட்டரின் மறுமுனையில் மூடி போட்ட வால்வு) மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்திருந்தால் அதே அளவு திறக்கலாம். எண்ணாமல் விட்டால் அந்த ரேடியேட்டர் மட்டும் கொதிக்கும், கோடியில் உள்ள அறை குளிர்ந்து கிடக்கும்.

ரேடியேட்டரை ஏற்கனவே நிரப்பிவிட்டீர்கள் என்றால் இன்னும் மூன்று வாசல்கள் உண்டு.

காந்த வடிகட்டி இருந்தால் அதுவே சுலபம்: இரு பக்க வால்வையும் மூடி, அழுத்தத்தை விடுவித்து, மூடியைத் திறந்து, சேறு ஒட்டிய காந்தத்தைக் கழுவிவிட்டு, உள்ளே மருந்தை ஊற்றி மூடலாம். குளியலறையில் துண்டு உலர்த்தும் ரேடியேட்டரின் மேல் அடைப்பானும் நல்ல வாசல். இரண்டும் இல்லையென்றால் அழுத்தத்தோடு செலுத்தும் டப்பா வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதல், ஆனால் எதையும் வடிக்க வேண்டியதில்லை. காற்றுத் திருகு துளையிலோ ஃபில்லிங் லூப்பிலோ பொருத்திச் செலுத்தலாம்.

மருந்து போட்ட பிறகு எல்லா ரேடியேட்டரையும் திறந்து சில மணி நேரம் ஹீட்டிங்கை ஓடவிடுங்கள். இல்லையென்றால் மருந்து ஊற்றிய இடத்திலேயே தேங்கி நிற்கும். தேதியையும் பெயரையும் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பி.எஸ். 7593:2019 என்ற பிரிட்டிஷ் தரநிலை ஆண்டுதோறும் மருந்தின் அளவைச் சோதிக்கவும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதிதாக மருந்திடவோ ஆய்வகத்தில் சோதிக்கவோ சொல்கிறது. பாய்லர் உத்தரவாதம் கோரும்போது அந்தச் சீட்டைத் தேடுவார்கள்.

எப்போது இது போதாது: ஜாடியில் கறுப்புச் சேறு கெட்டியாகத் தங்கினால். சேற்றின் மேல் மருந்து ஊற்றினால் மருந்தும் வீண்.

## வழி 3: முழுதாக வடித்துக் கழுவி நிரப்புவது

ரேடியேட்டர் உடம்பில் ஓட்டை விழுந்திருந்தால், மேல்பாகம் சூடாகவும் அடிப்பாகம் நடுவில் குளிர்ந்தும் இருந்தால், அல்லது பாதிக்கு மேல் தண்ணீரை எப்படியும் வடித்தாகிவிட்டது என்றால் இதற்குப் போங்கள். நீங்களே செய்தால் சுத்திகரிப்பு மருந்து, இன்ஹிபிட்டர் சேர்ந்து 40 முதல் 60 பவுண்டு. பம்பு வைத்துக் கழுவும் பவர் ஃபிளஷ் ஆளைக் கூப்பிட்டால் பத்து ரேடியேட்டருக்குச் சில நூறு பவுண்டு ஆகும்.

இதில் வரிசை முக்கியம். சென்டினல் எக்ஸ்400 அல்லது ஃபெர்னாக்ஸ் எஃப்3 போன்ற சுத்திகரிப்பானை முதலில் ஊற்றி, டப்பாவில் சொல்லியுள்ள காலம் வரை ஹீட்டிங்கை வழக்கம்போல ஓட்டுங்கள். பிறகு மிகத் தாழ்வான வடிகுழாயில் தோட்டக்குழாயை மாட்டி, சாக்கடைக்கு இட்டுச்சென்று வடியுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை நிரப்பி வடிக்க வேண்டும், இரண்டு மூன்று தடவை ஆகும். சுத்திகரிப்பான் எச்சம் உள்ளே இருக்கக் கூடாது. கடைசியில் மருந்தோடு நிரப்புங்கள். அரை நாள் போய்விடும்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். பத்தாண்டு தொடாத வடிகுழாயின் ரப்பர் வாஷர் நொறுங்கிப்போய், மூடிய பிறகும் சொட்டும். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு மாற்று வாஷர் கையில் இருக்கட்டும். மெலிந்த ரேடியேட்டரில் துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழுவினால் புதுக் கசிவு தோன்றும். பழி கழுவலின் மேல் விழும், ஆனால் அந்தத் தகடு எப்படியும் முடிந்துபோனதுதான். 8 அல்லது 10 மி.மீ. மெல்லிய செப்புக்குழாய் போட்ட வீடுகளில் கிளம்பிய சேறு குழாயையே அடைத்துவிடலாம். அங்கே கழுவலைத் தெரிந்தவரிடம் விடுங்கள். டிசம்பர் நடுவில் இதைத் தொடங்காதீர்கள். இப்போதைக்கு வழி 2, கழுவல் ஏப்ரலில் என்று வைத்துக்கொள்ளலாம்.

## வழி 4: கசிவடைக்கும் திரவம்

ரேடியேட்டரைச் சரிசெய்த பிறகும் முள் இறங்கும்போது பலர் கை நீட்டுவது இதற்குத்தான். தரைக்கடியில் போகும் குழாயில், பலகையைப் பெயர்க்க முடியாத இடத்தில் மெல்லிய கசிவு என்றால் மட்டுமே யோசியுங்கள். உத்தரவாதத்தில் உள்ள பாய்லரானால் தயாரிப்பாளரின் கையேட்டைப் படிக்காமல் ஊற்ற வேண்டாம். பாதுகாப்பு வால்வு கசிவையோ காற்றுப் போன விரிவுக் கலனையோ இது சரிசெய்யாது. கண்ணுக்குத் தெரியும் கசிவுக்கு ஸ்பேனர்தான் மருந்து.

## ஒரே பார்வையில்

| | வெறும் தண்ணீர் | மருந்தோடு | முழுக் கழுவல் | கசிவடைப்பான் |
|---|---|---|---|---|
| செலவு | இல்லை | 15–25 பவுண்டு | 40–60; ஆள் வைத்தால் சில நூறு | 15–25 பவுண்டு |
| நேரம் | கால் மணி | ஒரு மணி | அரை நாள், அதற்கு முன் சுத்திகரிப்பான் ஓடும் நாட்கள் | ஒரு மணி |
| எந்தக் கசிவுக்கு | வால்வு, நட்டு. சில லிட்டர் இழப்பு | வால்வு, நட்டு. பாதி வரை இழப்பு | உடம்பில் ஓட்டை, கறுப்புச் சேறு | எட்டாத குழாய் மட்டும் |
| பின்னால் வரக்கூடியது | திரும்பத் திரும்ப ஏற்றினால் துரு | கழற்றிய அடைப்பானில் சொட்டு | புதுக் கசிவு, வடிகுழாய் வாஷர் | உத்தரவாதச் சிக்கல் |

## முள்ளை எங்கே நிறுத்துவது?

1 முதல் 1.5 பார் என்று கையேடுகள் சொல்கின்றன. பலர் "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று 1.5-ஐத் தாண்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 2.2 லிட்டர் விரியும். 8 லிட்டர் கலன் உள்ள வீட்டில் குளிரில் 1 பார் வைத்தால் சூட்டில் 1.9 பார் ஆகும். 1.2 வைத்தால் 2.4. 1.5 வைத்தாலோ 3-ஐத் தொட்டுவிடும், பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாயில் கொட்டும். ஒரு தடவை திறந்த வால்வு, இருக்கையில் துகள் சிக்கி மறுபடி சரியாக உட்காராமல் சொட்டிக்கொண்டே இருப்பது வழக்கம். ரேடியேட்டரைச் சரிசெய்து மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

எவ்வளவு தேவை என்பதை உயரம் சொல்லும். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார். கீழ்த்தளத்தில் பாய்லர், மாடியில் கடைசி ரேடியேட்டர் என்றால் உயரம் 5 மீட்டர், அரை பார்தான். 1 பார் தாராளம். மச்சை அறையாக்கிய மூன்றடுக்கு வீட்டுக்கு 1.2 அல்லது 1.3.

## மச்சில் தொட்டி உள்ள வீடு

இங்கே அழுத்தமானி இல்லை, ஏற்ற வேண்டியதும் இல்லை. மிதவை வால்வு தானே நிரப்பும். வசதியாகத் தோன்றுவதே இதன் ஆபத்து. கசிவு மாதக்கணக்கில் நடந்தாலும் தொட்டி சத்தமில்லாமல் புதுத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கசிவு எத்தனை நாள் ஓடியது என்று தெரியாத திறந்த அமைப்பில் வெறும் தண்ணீரோடு விடவே கூடாது, மருந்து கட்டாயம்.

மருந்தைத் தொட்டியில் அப்படியே ஊற்றினால் அது அங்கேயே தங்கிவிடும். முதலில் மிதவைக் கையை ஒரு குச்சியோடு கட்டி நிறுத்துங்கள். கீழே வடித்துத் தொட்டியைக் காலியாக்கி, இன்னும் சில லிட்டர் வடித்த பின் மருந்தை ஊற்றி, கட்டை அவிழ்த்தால் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு இறங்கும். குளிர்ந்த நிலையில் தொட்டியில் ஏறக்குறைய நான்கு அங்குலம் தண்ணீர் இருந்தால் போதும், சூட்டில் விரிய மேலே இடம் வேண்டும். கீழே வடித்தும் தொட்டித் தண்ணீர் இறங்கவே இல்லையென்றால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஹீட்டிங்கோடு சேரும் இடத்தில் சேறு அடைத்திருக்கிறது. அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள், அந்த அடைப்போடு பாய்லரை ஓட்டாதீர்கள்.

## நிரப்பிய பிறகும் முள் இறங்கினால்

முதல் இரண்டு நாள் சிறிது இறங்குவது இயல்பு, கரைந்த காற்று பிரிந்து மேலே சேர்கிறது. காற்றெடுத்து ஒரு முறை ஏற்றுங்கள். வாரங்கள் கழித்தும் அதே ரேடியேட்டரில் வாயு சேர்ந்துகொண்டே இருந்தால் அது துருவில் பிறந்த ஹைட்ரஜனாக இருக்கலாம், எரியக் கூடியது. பக்கத்தில் தீக்குச்சி வேண்டாம், ஆணிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் இறங்கினால், பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அடியில் ஹீட்டிங் தண்ணீர் போகும், திரும்பி வரும் குழாய்களின் வால்வுகள் இரண்டையும் இரவில் மூடி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் கோளாறு பாய்லருக்குள். அப்படியே நின்றிருந்து, வால்வுகளைத் திறந்ததும் சரிந்தால் குழாயிலோ இன்னொரு ரேடியேட்டரிலோ கசிகிறது. சோதனை முடிந்ததும் இரண்டையும் திறக்க மறந்துவிட வேண்டாம். பாய்லர் பக்கம் என்று தெரிந்தால், வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் 15 மி.மீ. செப்புக்குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் வளையத்தால் தளர்வாகக் கட்டி வையுங்கள். மறுநாள் பையில் தண்ணீர் இருந்தால் பாதுகாப்பு வால்வு கசிகிறது. பாய்லர் உறையைத் திறக்கும் அந்த வேலை கேஸ் சேஃப் (எரிவாயு வேலைக்கான பதிவேடு) பதிவு பெற்றவருடையது. அவர் வரும்போது, மூடியிருந்த இரவில் முள் எத்தனை பார் இறங்கியது என்ற எண்ணைச் சொல்லுங்கள். தேடும் நேரத்துக்கான கூலி குறையலாம்.